மறு: பிள்ளையின் 'அசென்ட்'டுக்கு என்ன சொல்?

ஐயா, வணக்கம்.

மருத்துவ ஆய்வில் சேரப் பெரியவர் தரும் 'கன்சென்ட்', பிள்ளை தரும் 'அசென்ட்' இரண்டுக்கும் ஒப்புதல் என்றே போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் போட்டு வந்தேன். மிதமான அல்லது கடும் கரப்பானுக்கு டுபிலுமாப் ஊசியை 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்த ஆய்வைத் தமிழில் எழுதும்போதுதான் இடறியது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது. 251 பிள்ளைகள், 16 வாரம். அதில் 85 பேருக்கு மருந்துப்போலி. ஊசி குத்தும், உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பார்க்கிற மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து போட்டவர்களில் 41.5 சதவீதம் பேருக்குத் தோல் பாதிப்பு முக்கால் பங்காவது குறைந்தது, மருந்துப்போலிக்காரர்களில் 8.2 சதவீதம்தான். அந்த 85-இல் தானும் ஒருவராகலாம் என்று தெரிந்த பிள்ளையிடம் "வருகிறாயா?" என்று கேட்டு வாங்குவது அசென்ட். பெற்றோர் கொடுப்பது அனுமதி, அது வேறு.

அமெரிக்க விதி இதில் கறார். பிள்ளை மறுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து அசென்ட் என்று கொள்ளக் கூடாது. நமக்கோ மௌனம் சம்மதம்! ஆகவே 'சம்மதம்' வேண்டாம், பழமொழியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். 'இசைவு' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலைக்குத் தருவது 'இசைவாணை'; அதிகாரி கையெழுத்து வாடை அடிக்கிறது.

'உடன்பாடு' எப்படி? இலக்கணத்தில் 'வருவேன்' உடன்பாடு, 'வரமாட்டேன்' எதிர்மறை. வாய் திறக்காமல் நிற்பது இரண்டிலும் சேராது.

அன்புடன்,
செ.

---

தம்பி,

இலக்கணக் காரணம் எனக்கு ஏற்புடையதே. என் 'ஒப்புதலை' வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சிக்கல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 12 வயதுக்கு மேல் இதை எழுத்தில் வாங்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் 'உடன்பாடு' என்று தாளை நீட்டினால் இரண்டு நாடுகள் கையெழுத்திடுவது போல நினைக்கும். தலைப்பில் 'இளையோர் உடன்பாடு' இருக்கட்டும். கையெழுத்துக்கு மேலே 'எனக்குப் புரிந்தது, நான் சேர்கிறேன்' என்று வினையாகவே போடுங்கள்.

பி.கு.: 'கரப்பான்' வரும் முதல் இடத்தில் எக்சிமா என்றும் சேர்த்துவிடுங்கள். என் பேரன் பூச்சிக்கு ஊசியா என்று கேட்டான்.