மறு: இன்சல்பர்க் – 'தனிக்கரடு' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சமவெளி நடுவே தனியாக எழும்பி நிற்கும் பாறைக்குன்றுதான் இன்சல்பர்க். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் விவாதத்தில் இதுவரை தீவுமலை, எஞ்சுகுன்று, பொத்தை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் கிருஷ்ணகிரிப் பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். என் பரிந்துரை 'தனிக்கரடு'.

முதலில் என் சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பாடத்தில் இந்தச் சொல் காற்றரிப்பு நிலத்தோற்றங்களில், காளான் பாறைக்கும் யார்டாங்குக்கும் (காற்று செதுக்கிய நீள்முகடு) பக்கத்தில் வருகிறது. அதனால் பிள்ளைகளுக்கு இது பாலைவனத்துச் சமாச்சாரம். எங்கள் பள்ளிக்குப் பின்னால் சோளக்காட்டு நடுவே ஒற்றைப் பாறையாக ஒன்று எழும்பி நிற்கிறது. இன்சல்பர்க் என்றால் அதுதான் என்று ஜன்னல் வழியாகக் காட்டினேன். "அது கரடு சார்" என்றாள் ஒரு மாணவி. சரி, கரட்டுக்கும் மலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "மலை மேல ஊரு இருக்கும். கரட்டுக்கு ஆடு ஓட்டிக்கிட்டுப் போனா சாயங்காலம் திரும்பிடலாம்" என்றாள். ஊரார் மனத்தில் வகைப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி ஒரு மலை, அது கரடு இல்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இனி மற்ற சொற்கள். ஜெர்மன் நிலவியலாளர் வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் கிழக்கு ஆப்பிரிக்கச் சமவெளியில் பார்த்த குன்றுகளுக்கு 1900இல் இன்செல்பெர்க் என்று பெயர் வைத்தார். இன்செல் தீவு, பெர்க் மலை. தீவுமலை அதன் நேர் பெயர்ப்பு. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வகுப்புத் தேர்வில் அப்படிக் கேட்டுப் பார்த்தபோது, மூன்று பேர் அந்தமானின் பாரன் தீவு எரிமலையை எடுத்துக்காட்டாக எழுதியிருந்தார்கள். பிழை அவர்களுடையது இல்லை, சொல் அவர்களைக் கடலுக்குக் கூட்டிப் போய்விட்டது.

எஞ்சுகுன்றை மொனாட்னாக்குக்கு, அதாவது சுற்றியிருந்த நிலம் அரித்துப்போன பின் மிஞ்சி நிற்கும் குன்றுக்கு, ஒதுக்கி வைக்கலாம். அங்கே கச்சிதமாக உட்காரும். பொத்தை நல்ல சொல், அகராதியில் பொற்றை என்று வேர் பிடித்த சொல். நெல்லை நண்பர் அதற்காக வாதாடியது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கத்துக் காதில் அது பொத்தல் என்று விழுகிறது. கரடோ தருமபுரி, சேலம், ஈரோடு தொடங்கித் தேனி வரைக்கும் புழங்குகிறது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளும் என் வகுப்பில் சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

தோற்றக் காரணமும் முக்கியம். விரிசல் நெருக்கமான பாறைக்குள் நீர் இறங்கி, மண்ணுக்கடியிலேயே அதை மக்க வைக்கிறது. விரிசல் குறைவான பகுதி தாக்குப்பிடிக்கிறது. மக்கியது அடித்துச் செல்லப்பட்டதும் மிச்சப் பாறை மொட்டையாக வெளியே நிற்கிறது. இதற்குப் பாலைவனம் தேவையே இல்லை. ரியோ டி ஜெனிரோவின் சுகர்லோஃப் பாறைக்குன்று ஈரமான கடற்கரையில்தான் நிற்கிறது. ஆகவே கலைச்சொல்லில் காற்றும் மணலும் கலக்கக் கூடாது.

கோட்டைமலையை யாரும் கரடு என்பதில்லையே என்று சேலத்து நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அது இடப்பெயர், நாம் தேடுவது வகைப்பெயர். வெறும் கரடு என்றால் மலைத்தொடரின் காலடியில் ஒட்டிக் கிடக்கும் சிறு மேடும் அடங்கிவிடும், அதனால்தான் 'தனி' சேர்த்தேன். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் இது நன்றாகவே தெரியும். எங்கள் பகுதியின் 57 எல் எண்ணுள்ள தாள்களில் வெற்று வெளிக்கு நடுவே சமஉயரக் கோடுகள் நெருக்கமாக, மூடிய வளையங்களாகக் கிடக்கும். ஒரு பையன் செய்முறை நோட்டில் பெருவிரலை மையில் தொட்டு ஒற்றி, "இப்படித்தான் சார் இருக்கு" என்று காட்டினான். அதே பக்கத்தில் பென்சிலால் 'தனிக்கரடு' என்று எழுதியும் வைத்திருந்தான்.

இந்தச் சொல்லிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கிளைகள்தான். வழவழப்பான கவிகைப் பாறைக்கு, அதாவது அந்த நிலவியலாளர் பெயராலேயே வழங்கும் போர்ன்ஹார்ட் வகைக்கு, மொட்டைக்கரடு. குண்டுக்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் கோப்பிக்குக் குண்டுக்கரடு. பர்கூர் சாலையில் போகிறவர்கள் இரண்டையும் பார்த்திருப்பார்கள். அப்புறம் பெடிமென்ட்டுக்கு, அதாவது செங்குத்துப் பாறை முடிந்து மென்சரிவாக இறங்கும் இடத்துக்கு, கரட்டடி. நான் புதிதாகச் செய்த சொல் இல்லை அது. 'கரட்டடியில மேயுது' என்று இங்கே தினமும் கேட்கலாம்.

நெல்லை நண்பருக்கு ஒரு வேண்டுகோள். பொத்தைக்குக் கீழே வயல் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சரிவை உங்கள் ஊரில் என்னவென்று சொல்கிறார்கள்? அது தெரிந்தால் கரட்டடியை உறுதி செய்வதா, இரண்டையும் இணைச்சொற்களாக வைப்பதா என்று முடிவு செய்துவிடலாம்.