புரூஸ் டிக்கின்சன் புத்தகம்: குடும்பத்தை விட்டுவிட்டு எழுதினால் அது தன்வரலாறா?

சாமக்கோழி:
பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழு அயர்ன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 2017இல் எழுதிய 'வாட் டஸ் திஸ் பட்டன் டூ?' புத்தகத்தை நேற்று ராத்திரி முடித்தேன். வாள்சண்டை, பயணிகள் விமானம் ஓட்டியது, 1994 டிசம்பரில், போஸ்னியா போரில் முற்றுகையில் கிடந்த சரயேவோ நகரத்துக்கு லாரியில் போய்ப் பாடியது எல்லாம் வேகமாக ஓடுகிறது. ஆனால் கல்யாணம், விவாகரத்து, பிள்ளை பிறந்தது எதுவும் கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டேன் என்று கடைசியில் அவரே சொல்லிவிடுகிறார். பதினைந்து வருடமாக இந்தக் குரலைக் கேட்கிறேன். ஆளைத் தெரிந்துகொள்ளத்தானே புத்தகம் வாங்கினேன்? மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

இடியோசை:
உங்கள் ஏமாற்றம் புரிகிறது. இன்னொரு மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்டின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு எழுதிய தன்வரலாறு 'கன்ஃபெஸ்' (2020) படித்துப் பாருங்கள். தான் ஒருபாலீர்ப்பாளர் என்பதை அவர் 1998இல் எம்டிவி பேட்டியில்தான் வெளியே சொன்னார். அதுவரை ஆணி பதித்த தோல் உடுப்போடு மேடையில் நின்றுகொண்டே அதை உள்ளே பூட்டி வைத்திருந்தார். குடியும் அதோடு சேர்ந்ததுதான். சொந்த வாழ்க்கையை எடுத்துவிட்டால் அவருக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது.

பெரம்பூர் பாசஞ்சர்:
2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் கச்சேரி. சென்ட்ரலில் அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்து நாங்கள் நான்கு பேர் கதவோரம் உட்கார்ந்தே போனோம். அன்று கேட்ட குரலுக்காகத்தான் நானும் புத்தகத்தை வாங்கினேன்.

மனைவியும் பிள்ளைகளும் மேடையேறவில்லை. அவர்களைக் கேட்காமல் அவர்கள் கதையை எழுதாதது எனக்குச் சரியாகவே பட்டது. ஆள் யார் என்று தெரிய வேறு இடம் இருக்கிறது. 1982 ஆல்பத்தில் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' பாட்டு ஆரம்பிக்கிற அந்த நாலு வரியை, தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பாட வைத்தார். புரூஸ் ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். இன்னொரு மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவும் ஒரு பாட்டின் முதல் வரிக்கு இப்படித்தான் திண்டாடினார், உன் மொத்த வாழ்க்கையும் அந்த வரியில் வர வேண்டும் என்று பர்ச் சொன்னாராம். அப்புறம் வந்ததுதான் அந்தப் பாட்டில் எல்லோரும் பேசுகிற நீண்ட அலறல்.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. அடிநாக்கில் கோல்ஃப் பந்து அளவுக்குக் கட்டி, 33 முறை கதிர்வீச்சு, கூடவே ஒன்பது வாரம் கீமோ. 2015இல் வந்த 'தி புக் ஆஃப் சோல்ஸ்' முழுவதையும் கட்டி இருப்பது தெரியாமலே பாடி முடித்திருந்தார்.

2019இல் என் அப்பாவுக்கும் தொண்டையில் அதே நோய். எச்சில் வற்றிப்போனது. மோர்சாதத்தை மிக்ஸியில் அடித்துக் கொடுப்போம். ஒரு வாய்க்கு மூன்று மடக்கு தண்ணீர். ரசத்தை வாயில் விட்டால் 'மண்ணு மாதிரி இருக்குடா' என்று தட்டைத் தள்ளிவிடுவார். அதற்குமேல் பேச மாட்டார், டாக்டரிடமும் 'பரவாயில்லை' என்பார். ஒரு ராத்திரி நான் புரூஸின் புற்றுநோய்ப் பக்கங்களை எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா டி.எம்.எஸ். ரசிகர், மெட்டல் அவருக்கு வெறும் இரைச்சல். ஆனாலும் கண்ணை மூடாமல் கேட்டார். ருசி போன இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, 'இதேதான்' என்றார். முடித்ததும் கேட்ட ஒரே கேள்வி: 'அவருக்குக் குரல் திரும்பி வந்துச்சா?'

வந்தது, 2016 பிப்ரவரியில் மேடையேறினார், அந்தச் சுற்றுப்பயணத்தில் போயிங் 747-ஐ அவரே ஓட்டினார் என்றேன். 'பிளேன் கெடக்கட்டும். உச்சத்துல பாடுறாரா?' என்றார். மறுநாள் காலையில் மொபைலில் போட்டுக் காட்டினேன். முழுப் பாட்டையும் கேட்டார்.

சாமக்கோழி:
அண்ணா, அந்தப் பக்கங்களை நான் அவசரமாகப் புரட்டிவிட்டேன். இன்றைக்கு எடுத்து மறுபடி படிக்கிறேன். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

பெரம்பூர் பாசஞ்சர்:
நன்றாக இருக்கிறார் தம்பி. காரம் மட்டும் இன்னும் சேரவில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டார். ரசம் பழையபடி கேட்டு வாங்கிக் குடிக்கிறார், மிளகு குறைத்து.