ஆகஸ்ட் மாத மேடிசன் ஆற்றில் ட்ரவுட் மீன்பிடிப்பு

கேள்வி: அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள மேடிசன் ஆற்றுக்கு ஆகஸ்ட் இறுதியில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கச் செல்கிறேன். சென்ற ஆண்டு நண்பகலுக்குப் பின் ஒரு மீன்கூடக் கொத்தவில்லை. எந்த நேரத்தில், எந்தச் செயற்கைப் பூச்சியைத் தூண்டிலில் கட்டுவது நல்லது?

பதில் 1: விடியற்காலையிலேயே ஆற்றில் இறங்கிவிடுங்கள். வெயில் ஏறி நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதால், ட்ரவுட் இரை தேடுவதை விட்டுக் குளிர்ந்த இடங்களுக்கு ஒதுங்கிவிடும். நீரின் வெப்பம் தொடர்ந்து 3 நாள் 73 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படலாம்.

பதில் 2: காற்று எழுந்ததும் வெட்டுக்கிளி வடிவப் பூச்சியைக் கரைப்புல்லை ஒட்டித் தொப்பென்று விழும்படி வீசுங்கள். மீனை விட்டுவிடுவதானால், கைகளை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே தூண்டில் முள்ளைக் கழற்றி, நீரோட்டத்தை எதிர்நோக்கித் தாங்கிப் பிடித்து, அது தானாக வாலை உதறி நீந்தும்வரை தயவுசெய்து பொறுத்திருங்கள்.