மறு: ஓவியத்தில் சிம்பலைசேஷன் – குறியீடாக்கம் போதுமா?

நம் கலைச்சொல் பட்டியலுக்காக 'சிம்பலைசேஷன்' (symbolization) என்ற ஓவியச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

> குறியீடாக்கம் என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு மாதிரி புரியும். குறியீடு என்றதும் 'இது எதைக் குறிக்கிறது?' என்று தேடத் தொடங்கிவிடுவோம். புறா என்றால் சமாதானம், தராசு என்றால் நீதி.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் தொடங்கிய அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு ஒரு மாணவரின் கணக்கு நோட்டுதான் தூண்டுதல் என்பார்கள். (தலைப்பிலேயே குறியீடு இருக்கிறதே என்று மடக்காதீர்கள்.) அந்தப் படங்களில் வரிவரியாக எழுத்து ஓடும். பார்த்தால் மலையாளம், கிட்டப்போய் வாசித்தால் ஒரு சொல்கூடத் தேறாது. பக்கத்தில் ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், அல்ஜீப்ராக் குறிகள், இடையில் ஒரு மீனோ பறவையோ. யாருடைய ஜாதகம் என்று கேட்டுப் பயனில்லை. ஆனால் வீட்டில் ஜாதகத்தைப் பிரிக்கும்போது அடிவயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அது அந்தக் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பழகிய வடிவத்திலிருந்து பொருளைக் கழற்றிவிட்டு, அதன்மேல் படிந்த உணர்வை மட்டும் வைத்துக்கொள்கிறார்.

இந்த வேலைக்குத்தான் தனிச்சொல் கேட்கிறேன். என் பரிந்துரை: குறியுருவாக்கம். விளையும் வடிவம் குறியுரு. 'ஜாதகக் கட்டத்தைக் குறியுருவாக்கினார்' என்று வினையாகவும் ஓடும்.

> தொல்காப்பியத்தின் மெய்ப்பாடு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

எனக்கும் அந்தச் சொல்மேல் ஆசைதான். ஆனால் மெய்ப்பாடு உடம்பில் தெரிவது: கண்ணீர், புன்னகை, மயிர்க்கூச்சு. நாட்டியத்துக்கு அப்படியே பொருந்தும். பணிக்கரின் இந்த வரிசையில் பல படங்களில் அழுவதற்கு ஒரு முகம்கூட இல்லை.

> படிமம்? குறியாக்கம்?

படிமத்தைக் கவிஞர்கள் கொண்டுபோய் நாளாகிவிட்டது. குறியாக்கம் கணினிக்காரர்கள் கையில், என்கோடிங்காக. அப்புறம், 'குறி' என்றால் பையன்கள் சிரிப்பார்கள் என்ற கவலை வேண்டாம். குறிப்பேட்டுக்கும் குறிக்கோளுக்கும் யாரும் சிரிப்பதில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 1966இல் பணிக்கர் முன்னின்று சென்னை அருகே அமைத்த ஓவியர் கிராமமான சோழமண்டலத்திலேயே ஓவியர் ஜே. சுல்தான் அலியும் இருந்தார். அவர் வரைந்த காளைகளில் நாட்டார், பழங்குடி மரபின் சாயல் உண்டு. அவற்றில் பொருள் கழன்றுவிட்டதா, நந்தி நந்தியாகவே நிற்கிறதா? நிற்கிறது என்றால் அங்கே குறியீடாக்கமே சரி. இரண்டு சொல்லையும் பட்டியலில் சேர்த்துவிடலாம். அவர் படங்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.