வாழைக்கு முட்டு கொடுக்கக் கம்பு கிடைக்குமா?

மக்களே, இந்த வாரம் முழுக்க இடியோடு கனமழை, காற்றும் பலமாக இருக்கும் என்கிறார்கள். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் ஏத்தன் (நேந்திரன்) வாழை எல்லாம் குலை தள்ளி நிற்கிறது, காய் இன்னும் திரளவில்லை, விளிம்பு அப்படியே கூர்மையாக இருக்கிறது, இப்போது வெட்டினால் சந்தையில் யாரும் எடுக்க மாட்டார்கள். மழையைக்கூட வாழை தாங்கிவிடும், மண் ஊறி இளகியபிறகு அடிக்கிற காற்றுதான் ஆபத்து. 2017 ஒக்கி புயலில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம்.

முட்டு கொடுக்க சவுக்குக் கம்போ மூங்கிலோ திருவட்டார், மார்த்தாண்டம் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா? பழையது போதும், வண்டி நானே கொண்டு வருகிறேன். கம்பு இல்லாமல் வாழைக்கு வாழை கயிறு கட்டி நிறுத்துகிறவர்கள் எப்படிக் கட்டுகிறீர்கள்? ஒன்று சாய்ந்தால் மற்றதையும் இழுத்துவிடாதா?

அப்புறம், பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறக்கிற தகவல் வந்தால் உடனே போடுங்கள், ஆற்றோரத்திலும் கொஞ்சம் வாழை நிற்கிறது.