விலை குறைந்த ஏர் பிஸ்டலை நம்பிப் போட்டிக்குப் போகலாமா? நம் குமரி மாவட்டத்து அனுபவங்கள்

நாகர்கோவில் உறுப்பினர்:

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சியைத் தொடங்கியபோது, புதிய வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. அதன் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக, இரண்டு பேர் கைமாறி வந்த பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கினோம். ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்தும் வகை அது. காற்றடைத்த சிலிண்டர் இல்லை, அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இல்லை, காற்று நிரப்ப எங்கும் அலைய வேண்டியதும் இல்லை. முதல் ஆறு மாதம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது.

ஏழாவது மாதத்திலிருந்து அவளுடைய குண்டுகள் கீழே இறங்கத் தொடங்கின. எல்லாக் குண்டுகளும் அல்ல. பத்தில் மூன்றோ நான்கோ, நடுவில் பத்தும் வெளியே போகப் போகக் குறைந்த புள்ளிகளும் கொண்ட இலக்கின் கீழ்ப்பக்கத்தில், எட்டாம் வளையத்துக்கு அருகே போய் விழுந்தன. மணிக்கட்டு தளருகிறது என்று நான் முடிவு செய்துகொண்டு, தினமும் இரவில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நீட்டிப் பிடித்து நிற்கச் சொன்னேன். இரண்டு மாதம் அவளைக் கண்டித்தேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு மனம் வலிக்கிறது.

கடைசியில் கோட்டாறில் லேத் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் பிஸ்டலைக் கொண்டுபோனேன். பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் இரு தாடைகளிலும் ரப்பர் ஷீட் வைத்துப் பிஸ்டலை அசையாமல் பிடித்து, பத்து மீட்டர் தள்ளி, குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டியில் இலக்கு அட்டையை மாட்டினோம். நெம்புகோலை இழுத்த உடனே சுட்ட ஐந்து குண்டுகளும் ஒரே கிழிசலாக விழுந்தன. அடுத்த ஐந்தை, இழுத்த பின் இருபது வரை எண்ணிவிட்டுச் சுட்டோம். அந்த ஐந்தும் முதல் கிழிசலுக்கு நேர் கீழே, ஏறக்குறைய ஒரு வளையம் தள்ளி விழுந்தன.

அழுத்திய காற்று, அவள் குறி பார்க்கும் அந்தச் சில நொடிகளிலேயே கசிந்துகொண்டிருந்தது. குண்டின் வேகம் நொடிக்கு 150 மீட்டரிலிருந்து 130 மீட்டராகக் குறைந்தால், பத்து மீட்டர் தூரத்தில் அது சுமார் 7 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். வளையத்துக்கும் வளையத்துக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர்தான். அவசரமாகச் சுட்ட குண்டுகள் பத்தில் விழுந்தன. பொறுமையாக நிதானித்துச் சுட்டவையே கீழே இறங்கின. அதாவது பயிற்சியில் சொன்னதைச் சரியாகக் கடைப்பிடித்த வேளைகளில்தான் பிள்ளை திட்டு வாங்கியிருக்கிறாள்.

உறவினர், காற்றை அழுத்தும் பிஸ்டனிலிருந்து, கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் உருண்டையாகவும், மறுபக்கம் தட்டையாக, பளபளவென்றும் இருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. "மக்ளே, இது சாதாரண ரப்பராக்கும். எண்ணெய் பட்டா ஊதிரும்" என்றார். ரப்பர் பால் வெட்டும் ஊர்க்காரருக்கு அதைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. முன்பு வைத்திருந்தவர்களில் யாரோ எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ரிங்குக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் போட்டு, எண்ணெயும் விட்டிருக்கிறார்கள். சரியான அளவில் நைட்ரைல் ரிங் ஒன்றைப் போட்டு, சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மறுபடி சுட்டோம். உடனே சுட்டாலும் காத்திருந்து சுட்டாலும் கிழிசல் ஒரே இடத்தில்தான் விழுந்தது.

பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் குண்டின் விளிம்பு அந்தக் கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும். ஒரே கிழிசலாகச் சுடும் பிஸ்டலுக்கு அது போதும். ஆகவே விலை குறைந்த பிஸ்டல் துல்லியமாகச் சுடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போட்டியின் முதல் குண்டைப் போலவே கடைசியான அறுபதாம் குண்டும் போகிறதா என்பதைத்தான் வாங்கும்போது பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

குழித்துறை உறுப்பினர்:

நான் வாங்கியது சிலிண்டர் வகை. பழையது, மலிவு. கை பம்பால் காற்றடித்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் நான் செய்த தவறு. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பாதி நாள் காற்றே ஈரமாக இருக்கிறது. அந்தக் காற்றை 200 பார் வரை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராக மாறி உள்ளே தங்குகிறது. ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காற்றை முழுவதும் இறக்கிவிட்டுச் சிலிண்டரைக் கவிழ்த்தபோது, வாயில் துரு நிறத்தில் ஒரு துளி தொங்கி நின்றது. அதற்குள் ரெகுலேட்டர் கெட்டுப்போய், ஒரு குண்டு மேலே, ஒரு குண்டு கீழே என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது உலர்ந்த காற்று நிரப்பிய பெரிய சிலிண்டரிலிருந்து மட்டுமே ஏற்றுகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு போட்டிக்குப் போனபோது இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். ட்ரிகர், அதாவது விரலால் இழுக்கும் விசை, சுட்டுவிடாமல் குறைந்தது 500 கிராம் எடையைத் தூக்கி நிற்க வேண்டும். வீட்டில் சரியாக நின்ற என் ட்ரிகர் அங்கே சோதனையில் நழுவிவிட்டது, ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பார்த்தார்கள். தயாரித்த நாளிலிருந்து பத்தாண்டுக்கு மேற்பட்டதைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது. பழைய பிஸ்டல் வாங்குபவர்கள் முதலில் அந்தத் தேதியைத்தான் படிக்க வேண்டும்.

விலை உயர்ந்த பிஸ்டலும் பழுதாகும் என்பதை மறக்கக் கூடாது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதிலேயே விலைமதிப்பில்லாத நேரம் போய், அவர் 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் நின்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். நம்மைப் போன்றவர்களுக்கு உதிரிபாகம் கிடைக்குமா, அதை மாற்றத் தெரிந்த கை பக்கத்தில் இருக்கிறதா என்பவைதான் முதல் கேள்விகள்.

குளச்சல் உறுப்பினர்:

கார்பன் டை ஆக்சைடு வாயுவில் இயங்கும் பழைய பிஸ்டலை மலிவு என்று யாராவது கொடுத்தால், நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். அந்த வாயுவின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். காலையில் குறிபார்க்கும் சைட்டைத் திருத்திவிட்டு, மதியம் தகரக் கூரையின் கீழ் சுட்டபோது என் குண்டுகள் எல்லாம் வேறு இடத்தில் விழுந்தன. ஓராண்டு போராடிவிட்டு அதை விட்டுவிட்டேன்.

நாகர்கோவில் உறுப்பினர்:

குழித்துறை அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு நேற்றே எங்கள் ட்ரிகரையும் 500 கிராம் எடைக்கல் கட்டிச் சோதித்தோம், நிற்கிறது. ரிங் மாற்றிய தேதியை மகள் பிஸ்டல் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டியிருக்கிறாள். அதன் கீழே ஒவ்வொரு நாளும் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வருகிறாள். மாதம் ஒருமுறை, இருபது வரை எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறாள்.