ஸ்கேஃபோல்டில் ஸ்டெம் செல் ஒட்டவே மாட்டேன் என்கிறது, அவசரம்

செல்லாத செல்:
மூன்றாவது முறையும் போச்சு. விதைத்த மறுநாள் எம்டிடி (உயிருள்ள செல் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் சோதனை) போட்டால் அளவு செல்லே இல்லாத வெறும் ஸ்கேஃபோல்டுக்கு (செல் வளரத் தாங்கும் சட்டகம்) வருகிற அளவுக்குத்தான் வருகிறது. ஜெலட்டின் பூசிய தட்டில் அதே செல் அருமையாக வளர்கிறது, அதனால் செல்லில் குறை இல்லை. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

பைப்பெட் முனை:
எந்தச் செல்? எந்தப் பாலிமர்? ஃபிலிமா, நார்ப் பாயா, ஸ்பாஞ்சா? எத்தனையாவது பாசேஜ் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்த தடவை), ஒரு வெல்லுக்கு (தட்டின் குழிக்கு) எத்தனை செல், எவ்வளவு மீடியத்தில் (வளர்ப்பு நீர்மத்தில்)?

கொலாஜன் கட்சி:
எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான். செயற்கைப் பாலிமரில் செல் பற்றிக்கொள்ள எதுவும் கிடையாது. ஃபைப்ரோனெக்டின் மாதிரி புரதங்களில் ஆர்ஜிடி என்ற மூன்று அமினோ அமில வரிசை இருக்கிறது, செல்லின் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் என்ற புரதம் போய்ப் பிடிப்பது அதைத்தான். பேசாமல் உடலிலேயே இருக்கும் புரதமான கொலாஜனுக்கு மாறிவிடுங்கள்.

மூத்த இன்குபேட்டர்:
மாதத்துக்கு இரண்டு இழை இதே தலைப்பில் வருகிறது, யாரும் பழையதைப் படிப்பதில்லை. எம்டிடியை வைத்து ஒட்டலை அளக்கிறவர்களுக்குப் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன். சரி, இந்த ஒரு தடவை: எம்டிடியில் உண்டாகும் ஃபார்மசான் படிகம் நாருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், டிஎம்எஸ்ஓ கரைப்பானை ஊற்றி ஆட்டினாலும் முழுக்க வெளியே வராது. டாப்பி (உட்கருவை நீலமாக ஒளிரவைக்கும் சாயம்) போட்டு உட்கருவை எண்ணுங்கள். இதெல்லாம் அரிச்சுவடி.

செல்லாத செல்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மனித எலும்பு மஜ்ஜை எம்எஸ்சி (மெசன்கைமல் ஸ்டெம் செல்), பாசேஜ் 5. எலக்ட்ரோஸ்பின் செய்த (மின்னழுத்தத்தால் நுண்ணிழையாக நூற்ற) பிசிஎல் என்ற செயற்கைப் பாலிமர் பாய், 24 வெல் பிளேட். 70 சதவீத எத்தனால், அப்புறம் யூவி, நன்றாகக் காயவிட்டேன். வெல்லுக்கு 50,000 செல், 1 மில்லி மீடியத்தில் கலந்து மேலே ஊற்றினேன். எம்டிடிக்கு முன் பாயை எடுத்துப் புது வெல்லில் வைத்தேன்.

நார் நூற்பவர்:
எதில் கரைத்து நூற்றீர்கள்? குளோரோஃபார்ம், டிஎம்எஃப் என்றால் பாயில் மிச்சம் நின்று செல்லைக் கொன்றிருக்கும். வேக்குவத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். சூடு மட்டும் காட்டாதீர்கள், பிசிஎல் 60 டிகிரியிலேயே உருகிவிடும். ஒரு முறை தூக்கக் கலக்கத்தில் ஆட்டோகிளேவில் (நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் கருவி) போட்டுவிட்டேன், வெள்ளைவெளேர் என்று போன பாய் தெளிந்த வில்லையாகத் திரும்பி வந்தது.

பைப்பெட் முனை:
1 மில்லியா! காயவிட்ட பிசிஎல் பாய் தண்ணீரை ஏற்காது, காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மிதக்கும். செல் ஓரமாக வழுக்கி அடியில் போய் உட்கார்ந்திருக்கும், சாதாரணக் கல்ச்சர் பிளேட் செல் ஒட்டுவதற்கென்றே பதப்படுத்தியதுதானே. பழைய வெல்லைத் தூக்கிப் போடவில்லை என்றால் அடியைப் பாருங்கள்.

இனி எத்தனாலிலிருந்து காயவிடாமல் நேரே பிபிஎஸ்ஸுக்கு (செல்லுக்கு ஒத்துப்போகும் உப்புக் கரைசல்) மாற்றுங்கள், இரண்டு மூன்று தடவை கழுவி, ஓர் இரவு மீடியத்திலேயே ஊறட்டும். மேலே கிருமி நீக்கிய வளையம் வைத்து அழுத்துங்கள். செல்லை 30 மைக்ரோலிட்டர் துளியாக நடுவில் விட்டு இன்குபேட்டரில் இரண்டு மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்து, பிறகு மீடியத்தை ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். செல் ஒட்டாத வகைப் பிளேட் கிடைத்தால் உத்தமம்.

கொலாஜன் கட்சி:
இவ்வளவு பாடு எதற்கு, கொலாஜன் ஜெல் என்றால் கலந்து ஊற்றினால் முடிந்தது.

நார் நூற்பவர்:
ஊற்றினால் முடிந்ததா? எம்எஸ்சி அந்த ஜெல்லை இழுத்துச் சுருக்கி, ஒரு வாரத்தில் வெல் நடுவே பொத்தான் அளவுக்கு ஆக்கிவிடும். எலும்புத் திசு வளர்க்கப் பார்ப்பவர் அதை வைத்து என்ன செய்வார்?

கொலாஜன் கட்சி:
உங்கள் செயற்கைப் பாலிமர் பிஎல்ஜிஏ மட்டும் ஒழுங்கா? கரையக் கரைய லாக்டிக் அமிலம், மீடியம் மஞ்சளாகிறது.

நார் நூற்பவர்:
பேச்சு பிசிஎல் பற்றி. அது சிதைய வருஷக்கணக்காகும். மேலும் எங்லர் குழுவின் 2006 ஆய்வு ஞாபகம் இருக்கிறதா? எம்எஸ்சி எந்தத் திசுவாகப் போகிறது என்பதில் அடித்தளத்தின் விறைப்புக்கே பங்கு உண்டு: மூளை மாதிரி மென்மையாக 1 கிலோபாஸ்கல் வரை இருந்தால் நரம்பு, 25 முதல் 40 என்றால் எலும்பு. செயற்கைப் பொருளில்தான் விறைப்பை இப்படி நினைத்தபடி மாற்றலாம்.

கொலாஜன் கட்சி:
எங்லர் குழு செல்லை வளர்த்த பாலிஅக்ரிலமைடு ஜெல் மேல் பூசியிருந்தது என்னவாம்? கொலாஜன்.

மூத்த இன்குபேட்டர்:
எலும்பு என்று பேச்சு வந்ததால்: பின்னால் ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் உள்ள கால்சியக் கனிமம்) சேர்த்த பாயை அலிசரின் ரெட்டில் (கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் சாயம்) முக்கிவிட்டு சிவப்பைப் பார்த்துத் துள்ளாதீர்கள். செல்லே இல்லாத பாயும் சிவக்கும்.

செல்லாத செல்:
பழைய வெல்லைப் பார்த்தேன். அடி முழுக்க நீள நீளமாக செல், நடுவில் பாய் கிடந்த இடம் மட்டும் வட்டமாகக் காலி. புதிதாக ஊறவைத்து, வளையம் வைத்து, துளியாக விட்டேன், பிளேட் பழையதுதான். இன்று டாப்பியில் பாய் மேலே நீலப் புள்ளிகள் நிறைய. நன்றி பைப்பெட் முனை.

மூத்த இன்குபேட்டர்:
டாப்பி போடச் சொன்னது யார் என்று மேலே போய்ப் பார்க்கவும்.

நார் நூற்பவர்:
மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? ஊறவைக்காத பாய் ஒன்றையும் கூடவே வைத்தீர்களா?

கொலாஜன் கட்சி:
ஊறவைத்த மீடியத்தில் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) இருந்ததா? இருந்திருந்தால் பாயில் படிந்தது செல் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஃபைப்ரோனெக்டினும் விட்ரோனெக்டினும்தான். அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.